மோட்டார் சத்தமும் பச்சை வட்டமும்

மேடம்,

இன்று பரமத்தி வேலூர் டீக்கடையில், யாரோ பெஞ்சில் வைத்திருந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் எனக்கு ஆகாது.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மண்டையை உடைத்தவன் நான். முதல் குற்றம் என்பதால் கோர்ட் என்னைச் சிறைக்கு அனுப்பாமல் உங்கள் கண்காணிப்பில் விட்டது. நன்னடத்தை அலுவலராக மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் அறிக்கை ஒன்று கோணினால் நான் உள்ளே போக வேண்டியதுதான். நீங்களோ வந்ததும் ஆபீஸ் கொடுத்த போனைக் கட்டில் மேல் வைப்பீர்கள். அது என் பேச்சையெல்லாம் பதிவு செய்கிறது என்று கற்பூரம் அடித்தே சத்தியம் செய்திருப்பேன். அதனால் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுவிடுவேன்.

"ஓடட்டும் சாமி, நான் சத்தமாவே பேசறேன்" என்றீர்கள், முகம் மாறாமல். வாழைக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்த மாதங்கள் அவை.

பிறகு அந்தச் சித்திரை மதியம். நான் மறுபடி மிரட்டியதாக அதே தோட்டத்துக்காரர் புகார் கொடுத்திருக்க, விசாரிக்க வந்தீர்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக் கிளை கழித்துக்கொண்டிருந்தவன் அரிவாளோடே வந்து நின்றேன்.

"நானு ஒண்ணுமே சொல்லலீங்க! எழுதறதுன்னா எழுதிக்கோங்க, போங்க!"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கட்டில் மேல் இருந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. திரையில் பச்சையாய் ஒரு வட்டம், சிவப்பாய் ஒரு வட்டம். என் கையைப் பார்த்தீர்கள். போனை எடுத்து எதையோ அழுத்தினீர்கள்.

"என்னத்தைங்க அமுக்குனீங்க? போலீசுக்குத்தானுங்களே?"

"உக்காருங்க சாமி. மொதல்ல கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் கொடுத்தேன், உட்காரவில்லை. ரோட்டில் போன ஒவ்வொரு வண்டியும் ஜீப்பாகவே கேட்டது. ஒரு மணி நேரம் இருந்தீர்கள். ஜீப் வரவில்லை. அப்படியானால் அறிக்கையில் ஏற்றியிருப்பீர்கள் என்று அடுத்த சந்தேகம் பிடித்தது. கண்காணிப்பு முடிந்து கோர்ட் என்னை விடுவித்த நாளிலும் அது தீரவில்லை.

போன மாதம் நீங்கள் தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டு துக்கம் கேட்க உங்கள் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தேன். உங்களோடு வேலை பார்த்த அம்மா ஒருவர், என் ஊரைக் கேட்டதும் உற்றுப் பார்த்தார்.

"அருவாளோட நின்னவரு நீங்கதானுங்களா? வெளிய போற ஆபீசரு பத்திரமா இருக்காங்களான்னு அந்தப் போனு அப்பப்ப அதிர்ந்து கேக்கும். ஆபத்துன்னா செவப்பு, நல்லாருக்கேன்னா பச்சை. ரெண்டும் வரலீன்னா நாங்க ஆளனுப்புவோம். அன்னைக்கு மேடம் பச்சையத்தான் அமுக்குனாங்க. ஆபீசுக்கு வந்தப்புறந்தான், உசுரே போயிருமுன்னு பயந்தேன்னு சொன்னாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம். அந்தப் போன் என்னைப் பிடித்துக் கொடுக்க வந்தது என்றே நினைத்திருந்தேன். என்னிடமிருந்து உங்களைக் காப்பாற்ற வந்தது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சிவப்பைத்தான் அழுத்தியிருப்பேன்.

போன்களை இன்னும் நம்பவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், அரிவாளைக் கொடிக்காலிலேயே போட்டுவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் பேச வருகிறேன்.