ஈரச் சாந்தில் நன்னா

ஜூலை 9, 1456

கோயில் சுவரில் மாதாவின் முகம் முடிந்தது. கொத்தனார் செக்கோ காலையில் பூசிய சாந்து காய்வதற்குள் முடித்தாக வேண்டுமே, முடித்துவிட்டேன். என் நன்னாவை நினைத்துத்தான் வரைந்தேன். இடது கண் கொஞ்சம் சின்னது, அந்தப் புருவத்தில் அடுப்பு சுட்ட தழும்பு. கொள்ளைநோய் அவளைக் கொண்டுபோய்ப் பதினாலு மாதம்.

செக்கோ பார்த்துவிட்டு, "உன் பொண்டாட்டி செத்தும் உன்னை முறைக்கிறத விடலையேடா" என்றான். சிரித்தேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

ஜூலை 16

வெங்காயக்காரி தெஸ்ஸா காரியத்தைக் கெடுத்தாள். கோயிலுக்கு வந்தவள் மண்டியிடாமல், சுவரைப் பார்த்து, "அடியே நன்னா, நல்லாருக்கியா?" என்று கேட்டு அழுதாளாம். மடத்துத் தலைவர் உபால்டோ சாமி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம்.

"இதப் பாத்தா சனங்களுக்குக் கும்பிடத் தோணல மாசோ, நலம் விசாரிக்கத் தோணுது. முகத்தை மாத்திடு."

கடவுள் படைத்த முகம்தானே சாமி என்றேன்.

"படைச்சார். திருப்பி எடுத்துக்கிட்டாரே."



ஜூலை 20

பசையில் குழைத்த வண்ணத்தால், காய்ந்த சுவர் மேலேயே வெளிறிய முகம் ஒன்றைப் போட்டு அவளை மூடினேன். ஈரத்தில் வரைந்தது சுவரோடு சுவராகிவிடும். மேலே பூசியது என்றாவது உதிரும். நான் செத்த பிறகாவது உதிரட்டும்.

ஜூலை 21

சாமி விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். நன்னாவின் கண் வெளியே வந்தது. கொத்தி எடுத்துவிட்டுப் புதுச் சாந்தில் வரையச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 22

கொத்தினேன். தானே செய்வதாகச் செக்கோ சொன்னான், நான் உளியைக் கொடுக்கவில்லை. வேற எவனும் அவளை அடிக்கக் கூடாது. ஐயோ, நானே —

ஜூலை 23

புதுச் சாந்து. புது முகம். ஒரே பகலில் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்புத் திருவிழா. எல்லோரும் மண்டியிட்டார்கள், தெஸ்ஸாவும்தான். சாமிக்கு அவ்வளவு சந்தோஷம். அழகான முகம்தான். யாருடைய முகமும் இல்லை.

செப்டம்பர் 2

நன்னாவைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். தழும்பு எந்தப் பக்கம்? ஜூலை ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். இடது கண்ணைச் சின்னதாக்கினேன், புருவத்தில் தழும்பும் வைத்தேன்.

சுவரில் இப்போது இருக்கிறவளுக்குத் தழும்பு வைத்த மாதிரி இருக்கிறது.