முடிச்சு அவிழாத காளான் பொட்டலம்

பகுதானிய வருஷம், புரட்டாசி 23, ஞாயிறு

ராத்திரி முழுக்க இடி. விடிந்ததும் விடியாததுமாகக் கண்மாய்க்கரைப் புற்றுக்குப் போய் ஒரு மடி காளான் பறித்து வந்தேன். ஆமணக்கு இலையில் சுற்றி, பனைநாரால் என் வழக்கப்படி இரட்டை முடிச்சு. மருமகள் செல்லக்கிளி, "குடுங்க அத்தே, மஞ்சத்தண்ணியில அலசித் தாரேன்" என்று கொல்லைக்கு வாங்கிப் போனாள். நல்ல பிள்ளை.

மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து நல்லெண்ணெயில் நானே வதக்கினேன். கொதிக்கையில் வெள்ளி ரூபாயைப் போட்டுப் பார்த்தேன். விஷக்காளான் இருந்தால் வெள்ளி கறுத்துவிடும், மாமியார் சொல்லிக் கொடுத்தது. கறுக்கவில்லை.

மகன் நல்லகாமன் மூன்று தடவை சோறு வாங்கினான். "ஒன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும் அப்பத்தா" என்றாள் பேத்தி. "பின்னே? பறிச்சது யாரு, ஆக்குனது யாரு!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த நோட்டில் கடைக்காரன் கோடுகளை மங்கலாகப் போட்டுத் தொலைத்திருக்கிறான். எழுத்து தாண்டித் தாண்டி ஓடுகிறது.

அன்று சாயங்காலம்

சாம்பல் கொட்டக் குப்பைக்குழிக்குப் போனேன். காலில் தட்டியது. ஆமணக்கு இலைப் பொட்டலம். என் இரட்டை முடிச்சு. அவிழ்க்கக்கூட இல்லை.

அப்போ நான் ஆக்கினது எதை?

புரட்டாசி 24

கேட்டுவிட்டேன். "கூடைக்காரிகிட்ட வாங்குனது அத்தே. ரெண்டு வருசமா அப்பிடித்தான். ஒங்களுக்குக் கண்ணு..." என்று இழுத்தாள். மகனுக்குத் தெரியுமாம். பேத்திக்கும் தெரியுமாம். ரெண்டு வருசம்! என் சோத்தைத் தின்னுக்கிட்டே எல்லாரும் ஒண்ணுகூடி... எனக்கா கண்ணு தெரியல?

"வெள்ளி கறுக்கலையேடி!"

"நான் மாத்துன காளானுக்கு எப்பிடி அத்தே கறுக்கும்?"

சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

மத்தியானம் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு முத்துத்தாயிடம் போனேன். அவள் நியாயம் சொல்லட்டும். அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "நல்ல காளான்தான் மதினி." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் இரண்டை எடுத்துத் தனியே வைத்தாள். "இதுக ஆகாது. அடியில பச்சை ஓடியிருக்கு பாருங்க. இதத் தின்னுதான் எங்க பெரியப்பன் போய்ச் சேந்தாரு."

பார்த்தேன். எங்கே பச்சை? எல்லாம் ஒரே வெள்ளை.

புரட்டாசி 25

யாரும் இல்லாத நேரம், மடியில் முடிந்து வந்திருந்த அந்த இரண்டையும் பழஞ்சட்டியில் கொதிக்கவிட்டு ரூபாயைப் போட்டேன். பேத்தி வந்ததும் கழுவி அவளிடம் நீட்டினேன்: "கறுத்திருக்கா பாரு."

"இல்ல அப்பத்தா, பளபளன்னு இருக்கு."

நாற்பது வருஷம் நம்பினேனே. இந்த ரூபாயுமா?

சட்டியை உடைத்துப் புதைத்தேன்.

ஐப்பசி 6

செல்லக்கிளியிடம் இன்னும் பேசவில்லை. என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அதுதான் ஆறமாட்டேன் என்கிறது. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? அது வேறு பேச்சு.

ஐப்பசி 11

மறுபடி இடி. கூடையைச் செல்லக்கிளி முன்னால் வைத்தேன். அவளும் கேட்காமல் கூடவே நடந்தாள். இதுவரை யாருக்கும் காட்டாத புற்றை அவளுக்குக் காட்டினேன். பறித்ததும் முடிச்சுப் போட்டதும் நான். கிணற்றடியில் என் எதிரிலேயே அவிழ்த்து, மூன்றைத் தள்ளிவைத்தாள். எவை என்று கேட்கவில்லை.

ஆக்கியதும் அவள்தான். ருசி பார்க்கக் கரண்டியை நீட்டினாள்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றேன்.

உப்புச் சரியாகத்தான் இருந்தது.