இளமதி போட்ட அஞ்சு ஸ்டார்

புதுவாயல்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சாம்சனுக்கு, அக்கா ஏஞ்சலின் எழுதிக்கிறது. இங்க எல்லாரும் இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடுறியான்னு தான் கவலை. உன் பொண்டாட்டி இளமதி பேரை எடுத்தாலே போனைக் கட் பண்ணிடுறே. அதான் லீவு முடிஞ்சு குவைத் திரும்புற பாக்கியராஜ் கையில இதைக் குடுத்தனுப்புறேன்.

நைட்டி வியாபாரம் பரவாயில்ல. சிப்காட் வேலைக்குப் போற பொண்ணுங்க நேராவே வந்து வாங்கறாங்க. ஆன்லைன்ல தான் பேஜாராப் போச்சு. நாம விக்கிற ஆப்காரங்க மெயில் அனுப்பியிருக்காங்க. விக்கிறவங்களும் அவங்க ஊட்டு ஆளுங்களும், வாங்கின கஸ்டமர் மாதிரி ரிவ்யூ எழுதறது சட்டப்படி தப்பாம். அப்படி எழுதினதை எடுக்கலேன்னா ஆப்ல நம்ம கடையையே மூடிடுவாங்களாம். மூடினா சின்னப்பொண்ணும் மத்தத் தையல்காரிங்களும் எங்க போவாங்க?

கடை ஆரம்பிச்சப்ப, மொய் எழுதற மாதிரி தெருவே ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? துளசிராமன் மாமா கூட 'உடுத்த சுகமா இருக்கு'ன்னு எழுதிட்டாரு. இளமதி விழுந்து விழுந்து சிரிச்சா. தப்புன்னு யாருக்குத் தெரியும்? இப்ப ஊடு ஊடாப் போய் எல்லாத்தையும் எடுக்கவெச்சிட்டேன். சாயம் போச்சுன்னு ஒரு அம்மா போட்ட ஒத்த ஸ்டாரை மறைச்சிடலாமான்னு சின்னப்பொண்ணு கேட்டா. அதுவும் கூடாதாம். அந்தம்மாவுக்கு வேற நைட்டி அனுப்பிட்டேன், அவங்க எழுதினது அப்படியே கெடக்கு.

பாக்கி இருக்கிறது இளமதி எழுதினது ஒண்ணு தான். 'நைட்டியில பாக்கெட் இருக்கு. சமைக்கும்போதும் போன் கூடவே இருக்கு. வெளிநாட்டுல இருக்கற ஊட்டுக்காரர் எப்ப கூப்பிட்டாலும் முதல் ரிங்லயே எடுத்துடலாம்.' அந்தப் பாக்கெட்டை வெச்சுத் தைச்சதே அவ தான். எழுதினதுல ஒரு வார்த்தை பொய் இல்ல சாம்சா. கஸ்டமர்னு சொன்னது தான் பொய்.

டெங்குல அவ போய் வருஷம் திரும்பப் போகுது. அடக்கத்துக்குக் கூட அந்தக் கம்பெனி உன்னை விடல. ஆப்ல நம்ம கடைப் பக்கத்தைத் திறந்து திறந்து நீ அவ எழுதினதையே படிக்கிறேன்னு பாக்கியராஜ் சொன்னான். அவ போன் என்கிட்ட தான் இருக்கு, அதுல தான் அழிக்கணும். எடுத்து எடுத்துப் பார்த்துட்டு வெச்சிடுறேன். நீ சரின்னு சொல்லாம செய்ய மாட்டேன். ஆனா செஞ்சு தான் ஆகணும்பா.

இன்னொண்ணு. அந்த போனுக்கு நான் சார்ஜ் போட்டுக்கினே தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்தா அதுல உன் பேர் வந்து ரிங் அடிக்குது. அவ போன்ல என் குரலைக் கேட்டா ஒடைஞ்சிடுவியோன்னு பயந்து, எடுக்காம இத்தினி நாள் அடிக்கவிட்டேன். இனிமே அது என்னால முடியாது ராசா.

கர்த்தர் உன் மனசைத் தேத்தட்டும். இது கைக்கு வந்ததும் அந்த நம்பருக்கே கூப்பிடு. அவ நைட்டியைப் போட்டுக்கினு, அந்தப் பாக்கெட்லயே போனை வெச்சிக்கினு இருப்பேன். முதல் ரிங்லயே எடுக்கிறேன்.

உன் அக்கா,
ஏஞ்சலின்