பாட்டரியைக் குடித்தது யார்

ஜூன் 4, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நேற்று ஏரிக்கரை வரை ஜம்மென்று போய் வந்த வண்டி. இரவு முழுக்கக் கீழே உறை போர்த்திக்கொண்டு சும்மாதான் நின்றது. நேற்று பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வண்டி திருடு போனது; இங்கே வண்டி இருந்தும் ஓடவில்லை. உதைத்துக் கிளப்ப என் முழங்கால் இடம் கொடுக்காது.

மாடிப்படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், “அதுவும் ரிட்டயர் ஆகுதோ என்னவோ” என்றார்.

ஜூன் 6, வியாழன்

மெக்கானிக் வந்தார். “பாட்டரிக்கு வயசாயிடுச்சு டீச்சர், தூக்கிப் போட்டுடுங்க” என்றார். வயசானதையெல்லாம் தூக்கிப் போடுவதென்றால் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே இருக்க முடியாது என்றேன். புதிது மாட்டியாயிற்று.

ஜூன் 8, சனி

புதிதும் நேற்றிலிருந்து செத்துக் கிடக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று வாக்குவாதம். இவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒரு பைக் தேடுகிறாராம். முப்பதாம் தேதி வந்து பார்ப்பாராம். அதற்குள் சரியானால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கொடுத்துவிட வேண்டும். நானும் கோபத்தில் “சரி” என்று சொல்லித் தொலைத்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றபடியே பள்ளிக்கூடம் போனவள் நான். ஐம்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிட முடியாத தூரத்துக்குப் போய்வருகிறேன். அதை எப்படிக் கொடுப்பது?

இவருக்குப் பயம். “நீ திரும்பி வர்ற வரைக்கும் எனக்குப் பேப்பர்ல ஒரு வரி ஓடல” என்றார். அதற்கு நான் என்ன செய்ய?

ஜூன் 11, செவ்வாய்

மீட்டர் வாங்கினேன். பாட்டரிக்கும் வயருக்கும் நடுவில் அதை மாட்டினால், வண்டி நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று காட்டும். மாட்டினேன். பிறகு, காரணமே இல்லாமல், சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரையும் அழுத்தினேன். மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் அந்த இழுப்பைத் தாங்காமல் போயே போச்சு. இதைச் செய்யாதீர்கள் என்று எத்தனை வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை. மெக்கானிக் பார்த்தார். இரண்டு நாளைக்குச் சிரிப்பார்.

ஜூன் 12, புதன்

ஃப்யூஸ் மாற்றி, பத்து மணி வெளிச்சத்தில் அளந்தோம். கசிவே இல்லை. மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது.

பகலில் பார்த்தால் குழாய் சொட்டவில்லை, காலையில் பார்த்தால் தொட்டி காலி. அப்படியென்றால் நாம் பார்க்காத நேரத்தில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள் என்றுதானே எந்தப் பிள்ளையும் சொல்லும்? நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மெக்கானிக்கிடம் சார்ஜரை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். இனி மாலையும் காலையும் அளந்து எழுதப்போகிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

வியாழன், வெள்ளி, சனி மூன்று காலையும் காலி. சனி, ஞாயிறு இரவுகளில் இவர் தன் அக்கா வீட்டில். அந்த இரண்டு இரவுக்கும் மறுநாள் காலை வண்டி முதல் அழுத்தலிலேயே பிடித்தது. நேற்று மதியம் திரும்பி வந்தார். இன்று காலை காலி.

அட்டவணையை மூன்று தடவை சரிபார்த்தேன். எழுதவே கை வரல. வேணும்னே பண்றாரோ? சாயங்காலம் கேட்டைப் பாத்துட்டு வரேன்னு கீழ போறாரே — அதுக்குத்தானா? வேண்டாம்னா நேரா சொல்லலாமே. முப்பத்திநாலு வருஷம் கூட இருந்த ஆளு.

ஜூன் 19, புதன்

கேட்கவில்லை. காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஜூன் 20, வியாழன்

கோபமாக இருக்கும்போது கணக்குப் போட்டால் மனசு அடங்கும். பாட்டரியின் அளவு ஐந்து ஆம்பியர்-மணி. அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் ஐந்து மணி நேரம் வரும். அது பன்னிரண்டு மணி நேரத்தில் தீர்கிறதென்றால், குடிப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அவ்வளவு கொஞ்சமாக எது குடிக்கும்? ஒரு சின்ன பல்பு.

இருட்டத் தொடங்கியதும் மாடி ஜன்னலில் நின்றேன். இவர் கீழே வந்தார். உறையின் முன்பக்கத்தை மட்டும் தூக்கினார். கைக்குட்டையால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். நான் ஏற்கெனவே பூட்டியிருந்த ஹேண்டிலை அசைத்துப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது, மாற்றுச் சாவியை எடுத்துப் போட்டு இன்னும் ஒரு திருப்புத் திருப்பி, மறுபடி அசைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். உறையை இழுத்துவிட்டு, குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்ப்பவர்போல ஒரு நிமிஷம் நின்றார்.

அவர் மேலே வந்ததும் நான் இறங்கிப்போய் உறையின் பின்பக்கத்தைத் தூக்கினேன். பின்விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ரோட்டோரம் நிறுத்தினால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று பழைய வண்டிகளில் வைத்த கடைசித் திருப்பு அது. சாவியை எடுத்தாலும் விளக்கு எரியும். சாவித் துளையைச் சுற்றியிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோனதால் எனக்கே மறந்துவிட்டது. ஒரு திருப்பு கூடுதலாகத் திருப்பினால் ஒரு பூட்டு கூடுதல் என்று இவர் கணக்கு. மாத ஆரம்பத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வண்டி திருடு போனதே, அன்றிலிருந்து நடந்திருக்க வேண்டும்.

படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நின்றதும் வெட்கமாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

விடை தப்பு என்று சொல்வதைவிட, அதே கணக்கை இன்னொரு தடவை போடச் சொல்வது மேல். மாலை அவரைக் கீழே அழைத்துப்போய், உறை இல்லாமல் தினமும் போல் பூட்டச் சொன்னேன். பூட்டினார். பின்னால் வந்து பாருங்கள் என்றேன். சுவரில் விழுந்திருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்போ தினம் இதைக் கொன்னது நான்தானா?”

“காவல் காத்தீங்க. கொஞ்சம் ஜாஸ்தியா காத்துட்டீங்க.”

சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று நான் நினைத்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். தலையைச் சொறிந்தார்.

“ஒரு நாள் ஃப்யூஸைக் கழட்டி ஒளிச்சு வச்சுடலாமான்னு யோசிச்சேன். அது எங்க இருக்குன்னு தெரியல.”



ஜூன் 25, செவ்வாய்

நான்கு காலையும் முதல் அழுத்தலிலேயே பிடித்தது. நண்பரை வர வேண்டாம் என்று இவர் சொன்னதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். ஆனாலும் ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் சீக்கிரமே திரும்பிவிடுகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

நண்பர் வந்தார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே பேசுவது கேட்டது.

“பாட்டரி நிக்கலன்னு சொன்னியே?”

“அதெல்லாம் நல்லா நிக்குது. நான்தான் தப்பா பூட்டிட்டிருந்தேன்.”

இந்த வாக்கியத்தை இவர் வாயிலிருந்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை. அதுவும் வெளியாளிடம்.

“அப்போ குடுக்கற எண்ணம் இருக்கா இல்லையா?”

“என்னைக் கேட்டா? அது அவ வண்டி. மேல இருக்கா, கேட்டுப் பாரேன், தைரியம் இருந்தா.”

நண்பர் மேலே வந்தார். காபி குடித்தார். மழை வரும்போலிருக்கிறது என்றார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.