பத்தில் ஒருவருக்கு

ஆய்வுக்கூட இயக்குநராகிவிட்ட பழைய தோழனுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

பிள்ளைகளை முடக்கும் நோய்க்குக் காரணம் என்று நீ அறிவித்த மரபணு மாற்றம் எந்த நோயையும் தராது. ஐரோப்பியர்களின் தரவுத்தொகுப்பில் அது அரிதாக இருந்ததால் உனக்கு நோயாகத் தெரிந்தது. அந்தத் தொகுப்பில் நம் துனீசியர் ஒருவர்கூட இல்லை. நம் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களின் மாதிரிகளை நான் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

அன்று அதைச் சொன்னபோது, "டேய், கட்டுரை அச்சாயிடுச்சு. பாரிஸ்காரன் கைதட்டிட்டான். இப்பப் போய் குட்டையைக் குழப்பாதே" என்று சிரித்தாய். மறுவாரமே என் மேசை படிக்கட்டுக்கு அடியில் தள்ளப்பட்டது.

நேற்று எங்கள் தெருவில் ரொட்டி சுடும் வசீலா வந்தாள். மகளின் திருமணத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் உன் 'நோய்' இருந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்துவிட்டார்கள்.

"டாக்டர், எம்பொண்ணு ரத்தத்துல என்ன குத்தம்?"

"ஒரு குத்தமும் இல்லம்மா. எங்க கணக்குலதான் குத்தம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? வாய்ல என்ன, பேரீச்சம்பழமா வச்சிருந்தீங்க?"

இன்று காலை மறுப்புக் கட்டுரையை என் முழுப்பெயரோடு இதழுக்கு அனுப்பிவிட்டேன். மாலையில் வசீலாவோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அதே மாற்றம் உள்ள என் ரத்த அறிக்கையை அவர்கள் முன் வைக்கப்போகிறேன். வேலையை விட்டுத் தூக்குவாய். தூக்கிக்கொள்.

உனக்கு எழுதும்போதெல்லாம் 'உன் நண்பன்' என்றுதான் ஒப்பமிட்டிருக்கிறேன். அதை இனி எழுத மாட்டேன். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.