நாய்க்குக் கதவு, யாருக்கு அந்தப் பூட்டு?

நண்பா! உன்னை நினைக்க இன்று கூடியிருக்கும் தெருவாரே! இம்மடல் மறைந்தவனுக்கு எழுதியது. இருப்பவர் கேட்க உரக்கப் படிக்கிறேன். கிளிஞ்சல்மேட்டுக் கரையிலிருந்து மேற்கே வரும் நம் சாலையில் பதினொரு வாயிற்கதவுகள் இருக்கின்றன. பதினொன்றிலும் பட்டப்பகலில் பூட்டுத் தொங்கியது. அவற்றுள் ஒன்று, சில நாள் முன்புவரை, என்னுடையது.

என் புதுக் கதவுக்குப் பூசிய துருத்தடுப்பு வண்ணத்தின் நெடி கையை விட்டு இன்னும் போகவில்லை. அந்த நெடியோடுதான் நீ வருவாய். படகுப் பொறியின் இரும்புச் சட்டத்துக்கு அதே செவ்வண்ணத்தைப் பூசிவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமலே என் கூட்டத்தின் முன்வரிசையில் அமர்வாய். நான் முழங்கி முடித்து இறங்கினால், "யோவ், தொண்ட கட்டப்போவுது. மைக்கு எங்கயும் ஓடிடாதுய்யா, மெதுவா பேசேன்" என்பாய். உன் காலடியில் நாய் உறங்கிக்கொண்டிருக்கும். எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததால் அதற்குச் சுறா என்று பெயர் வைத்தாய். அது கடித்தவர் எவருமில்லை.

சுறா சாலைக்கு ஓடுவதும் சரக்குந்துகள் அலறி நிற்பதும் வாடிக்கை. அதன் பின்காலில் அடிபட்ட அன்று உன்மீது சீறினேன். "சுத்தி செவுரு இருக்கு. ஒரு கதவு வைக்க ஒனக்கு என்ன கேடு?"

"கதவு வச்சா ஒருநா பூட்டத் தோணும்யா" என்றாய்.

அன்றுதான், அந்த ஒருமுறைதான், சொன்னாய். ஆழிப்பேரலை வந்த காலையில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, உன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடினாய். வழியில் ஒரு மாடிவீடு. வீட்டார் வெளியூர் போயிருந்தார்கள், வாயிற்கதவு பூட்டியிருந்தது. அவர்கள்மேல் குற்றமில்லை என்று நீயே சொன்னாய். மகளைக் கதவுக்கு மேலே தூக்கி உள்ளே விட்டாய். அவள் படியேறினாள். தாயைத் தூக்கத் திரும்பினாய். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நீ கதவுக் கம்பியைப் பற்றிப் பிழைத்தாய். உன் தாயைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

இதை அறிந்தவன் நான். அறிந்தும் செய்தேன்.

உன்னை அடக்கம் செய்தபின், நகரத்து வாடகை வீட்டில் இடமில்லை என்று உன் மகள் சுறாவை என்னிடம் விட்டுச் சென்றாள். அது நாள்தோறும் உன் வீட்டைத் தேடிச் சாலையைக் கடந்து ஓடியது. உன்னைத்தான் காக்க முடியவில்லை, உன் நாயையேனும் காப்போம் என்று மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கதவு செய்வித்தேன். பொருத்த வந்தவர், "ஐயா, பூட்டு மாட்ட வளையம் வச்சிரவா?" என்றார். வையுங்கள் என்றேன். எண்ணிப் பார்க்கவே இல்லை. எல்லா வீட்டிலும் இருந்தது; நானும் ஒரு பூட்டை மாட்டினேன்.

மூன்றாம் நாள் சுறா குரைக்காமல் குழைகிற ஒலி கேட்டு வெளியே வந்தேன். கதவுக்கு அப்பால் உன் மகள். அழைக்கவில்லை, தட்டவில்லை. தன் ஐந்து அகவைக் குழந்தையை அக்குளில் பிடித்துக் கதவுக்கு மேலே தூக்கியிருந்தாள். குழந்தை மேற்கம்பியில் கால் உரசச் சிரித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தாயின் கைகள் அப்படியே நின்றன.

"பூட்டிருந்துச்சு மாமா" என்றாள். பிறகு, "கூப்புடணும்னே தோணல பாருங்களேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

திறவுகோலைத் தேடினேன். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. நான் தேடிய நேரம் முழுவதும் அவள் குழந்தையைக் கீழே இறக்கவில்லை.

மறுநாளே வளையத்தை அறுத்தெறிந்து, மேலே தூக்கித் திறக்கும் கொண்டி வைத்தோம். உன் மகள் அருகில் நின்று வேலை வாங்கினாள். "மேடையில தடைய ஒடைங்கன்னு கத்துவீங்க. வீட்டுல ஒரு வளையத்த அறுக்க நாங்க வந்து நிக்கணுமா?" என்றாள். உன் வாய் அப்படியே அவளுக்கு. சுறா எழும்பிக் கொண்டியை முன்கால்களால் அமுக்கியது. அமுக்கத்தான் அதற்குத் தெரியும்; தூக்கத் தெரியாது. உன் பேத்தியோ ஒரு விரலால் தூக்கித் திறந்தாள்.

நண்பா, நான் பேசிய பேச்செல்லாம் எனக்கே மறந்துபோகும். திறவுகோலைத் தேடிய அந்தச் சிறு பொழுது மறக்காது. அதைச் சுமந்துகொண்டுதான் இங்கே நிற்கிறேன். உன் மகளுக்கும் பேத்திக்கும் பின்னால் அன்று கடல் அமைதியாக இருந்தது. அதனால்தான் எனக்குத் தேட நேரம் கிடைத்தது.

தெருவாரே, திருட்டுக்கு அஞ்சுகிறீர்கள். வீட்டைப் பூட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாயிலுக்குக் கொண்டி போதும். நாய் வெளியே போகாது. ஓடி வருகிறவர் நிற்க நேராது. இன்னும் பத்து வாயில்கள் பூட்டியிருக்கின்றன. இரங்கல் உரைகள் காத்திருக்கட்டும். எழுங்கள், இப்போதே போய் உங்கள் பூட்டுகளைக் கழற்றி இந்த மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள்!