அளக்க வந்த நாளின் காற்று

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒருநாள் ஷூ கம்பெனியிலிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள். மற்றது வழியில் கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. பாதத்தில் கண்ணாடி கிழித்திருந்தது. நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாள். "இப்ப இதான்டா ஃபேஷன்" என்று சிரித்தாள். இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. அவளோடு பசை தடவும் பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதை. சர்க்கரை இல்லை, நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர்.

நாங்கள் சத்தம் போட்டதில் கம்பெனிக்காரர்களே காற்றைச் சோதிக்க ஆள் கூப்பிட்டார்கள். முதல் நாளே தகவல் வந்துவிட்டது. பசை டிரம்களைப் பின்பக்கம் உருட்டச் சொன்னார் சூப்பர்வைசர். அது அவர் புத்தி. ஆனால் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியதும், ஜன்னல்களைத் திறந்து வைத்ததும் அம்மாவும் மற்ற பெண்களும்தான். யாரும் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டேன். "படிச்சவங்க வர்றாங்கடா. நாத்தம் அடிச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றாள்.

கருவி பொய் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்த காற்றைத்தான் அளந்தது. குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது.

அதற்குப் பிறகுதான் நீ போனில், எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துவிட முடியாது, அறிவியலுக்கும் ஒரு எல்லை உண்டு என்று அவளைத் தேற்றினாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்கிறாள். "எம்பொண்ணுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்கிறாள். காரணம் தெரியாத நோய்க்கு வேலையை எதற்கு விடுவது என்று லீவு முடிந்து அடுத்த மாதம் மறுபடி பசை மேசைக்குப் போகப்போகிறாள்.

அக்கா, எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் விண்வெளியில் கிடக்கும் தூசியில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறவர்கள் நீங்கள். இங்கே டிரம் உள்ளே வருமுன் அதில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுகிறார்கள். கிழிக்கச் சொல்கிறவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். எல்லையாம். அந்த எல்லையில் கேட் போட்டு வாட்ச்மேனும் நிறுத்தியிருக்கிறார்கள்.

நிரூபணம் இல்லாமல் நீ பேச மாட்டாய். பசைதான் என்று என்னாலும் சத்தியம் பண்ண முடியாது. இருந்தாலும் கடிதம் கண்டதும் போன் செய்து, பசைதான் காரணம், போகாதே என்று அவளிடம் சொல். என் பேச்சு அவளிடம் எடுபடாது. நீ சொன்னால் மறுபேச்சே கிடையாது. நாளைக்கு அது தப்பென்று தெரிந்தால் என்னைத் திட்டிக்கொள்.

இந்தத் தாளின் பின்பக்கம் அம்மா தன் கையாலேயே உனக்கு எழுதியிருக்கிறாள். பேனா விரலில் நிற்கவில்லை. வெறும் கிறுக்கல் என்று விட்டுவிடாதே. "நல்லா இரு" என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் தம்பி